உடல் இளைக்கும்போது உள்ளம் இளைக்கலாமா?



“என்னக்கா, இப்படி வத்திப் போயிட்டீங்க? சுகர் வந்திருச்சா?”

“என்ன மாப்ள, வீட்ல சோறு போடுறதில்லையா?”

“முன்னாடி எவ்வளவு லட்சணமா இருந்த! இப்பப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு.”

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் உடல் எடையைக் குறைக்க முயலும் எவரும் இந்தச் சொற்களுக்குத் தப்ப முடியாது. கோவில் வாசலில் கேட்பார்கள். கல்யாண மண்டபத்தில் கேட்பார்கள். பட்டாசு ஆலைக்குச் செல்லும் பேருந்தில் கேட்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஓராண்டுக்கு முன் இதே மனிதரை இதே ஆட்கள்தான் “குண்டு” என்று அழைத்திருப்பார்கள். பருத்தாலும் பேச்சு, இளைத்தாலும் பேச்சு.

மருத்துவர் சொன்னதற்காக இரவுப் பரோட்டாவை விட்டு, விடியற்காலையில் எழுந்து நடந்து, மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைத்திருக்கும் ஒரு சகோதரி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பேரிடம் இப்படிக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் என்ன ஆகும்? அன்று இரவே பழைய பழக்கம் திரும்பிவிடும். ஆகவே, ‘இது சின்ன விஷயம்தானே’ என்று நாம் இதைத் தள்ளிவிட முடியாது. சிறிது சிந்திப்போம்.

ஏன் எடையைக் குறைக்க வேண்டியிருக்கிறது?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடை கொண்டோர் 2015-16இல் 30.9 விழுக்காடு. 2019-21இல் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களிடையே 28.2 விழுக்காடு என்பது 37 விழுக்காடானது. அதாவது, பத்துப் பெண்களில் நால்வர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு என்றும் கூறியது.

நம் பகுதியின் வாழ்க்கை முறையும் இதற்கு இடம் கொடுக்கிறது. பட்டாசுக்குத் திரி வைப்பவர், பெட்டியில் அடுக்குபவர், அச்சகத்தில் தாள் மடிப்பவர், கடையில் கணக்கு எழுதுபவர் என்று பலருக்கும் நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை. இடையிடையே சர்க்கரை போட்ட தேநீரும் வடையும். இரவில் விருதுநகரின் பொரித்த பரோட்டா. வீட்டுக்கு வருகிறவர் கையில் சாத்தூர்க் காராசேவு, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இவை நம் மண்ணின் பெருமைகள்தாம்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் உடல் உழைப்பு குறைந்து, எண்ணெயும் சர்க்கரையும் அன்றாடமாகும்போது உடல் அதன் கணக்கைக் காட்டத்தான் செய்யும்.

உள்ள எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வரத் தொடங்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 80 கிலோ உள்ளவருக்கு நான்கு முதல் எட்டுக் கிலோ. இதற்காகத்தான் நம்மிடையே பலர் போராடுகிறார்கள். அழகுப் போட்டிக்காக அல்ல.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் பசி

அப்படியானால், நம் மக்கள் ஏன் இளைத்தவரைப் பார்த்து இவ்வளவு கவலைப்படுகிறார்கள்? அவர்கள் கெட்டவர்கள் என்பதாலா? இல்லை. இந்த மண்ணின் நினைவு அப்படி.

மழையை நம்பிய கரிசல் பூமி இது. நம் தாத்தா பாட்டி பசியை அறிந்தவர்கள். விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணமே, வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதுதான். அந்தத் தலைமுறைக்கு மெலிந்த உடல் என்றால் வறுமை, காசநோய், மருமகளைச் சரியாகக் கவனிக்காத மாமியார் வீடு. சற்றுப் பூசினாற்போன்ற உடல் என்றால் நிறைந்த குதிர், நல்ல குடும்பம். ஆகவே, மகன் தட்டில் மூன்றாவது முறை சோறு வைக்க வரும் தாயை அவன் “வேண்டாம்மா” என்று தடுத்தால், தன் அன்பையே மறுப்பதாக அவள் எடுத்துக்கொள்கிறாள்.

இதைப் புரிந்துகொண்டால், நம்மைச் சுற்றி வரும் பேச்சுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, அன்பினால் வரும் அச்சம். இது பெற்றோரிடமிருந்தும் முதியோரிடமிருந்தும் வருவது. இரண்டாவது, மன உறுத்தல். உடன் உண்டவர் ஒருவர் திடீரென்று கட்டுப்பாட்டுடன் வாழத் தொடங்கினால், உடனிருப்பவருக்குத் தம் தட்டு கண்ணில் உறுத்துகிறது. “ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்று வற்புறுத்துவது பெரும்பாலும் இதனால்தான். மூன்றாவது, வெறும் கேலி. முதலாவதற்குத் தேவை விளக்கம். இரண்டாவதற்குத் தேவை பொறுமை. மூன்றாவதற்குத் தேவை உறுதியான மறுப்பு. மூன்றுக்கும் ஒரே கோபத்தைக் காட்டினால் வீடு போர்க்களமாகிவிடும்.

இன்னோர் உண்மையையும் சொல்ல வேண்டும். எந்த முயற்சியும் இல்லாமல் ஒருவருடைய எடை ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தால், அது நீரிழிவு, காசநோய், தைராய்டு, புற்றுநோய் போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே, “சுகரா?” என்ற கேள்வியில் அறவே அர்த்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் நடுக்கூட்டம் அல்ல. தனியே அழைத்து, “உடம்புக்கு நல்லாத்தானே இருக்கு? டாக்டரைப் பார்த்தீங்களா?” என்று கேட்டால் அது அக்கறை. பத்துப் பேர் முன்னால் உரக்கக் கேட்டால் அதே கேள்வி அவமானம்.

நாவு செய்யும் காயம்

கேலி செய்தால் ரோசம் வந்து எடையைக் குறைப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டவர்கள் பின்னர் உடல் பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. காரணம் எளிது. அவமானப்பட்டவர் நடைப்பயிற்சிக்கு வெளியே வர வெட்கப்படுகிறார். தனிமையில் உணவிடம் ஆறுதல் தேடுகிறார்.

சிலர் இதற்கு நேரெதிர்ப் பக்கம் ஓடுகிறார்கள். எப்படியாவது, உடனே இளைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. 2025 மார்ச் மாதம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருவர், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகத் தவிர்த்து இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் குமரி மாவட்டம் குளச்சல் பகுதியைச் சேர்ந்த 17 வயது மாணவர், யூடியூப் காணொளியைப் பார்த்து மூன்று மாதங்களாகப் பழச்சாறு மட்டுமே குடித்து வந்த நிலையில் உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. 2026 ஜனவரியில், நமக்கு அருகிலுள்ள மதுரையில், 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் எடை குறையும் என்று நம்பி வெங்காரத்தை உட்கொண்டு இறந்தார். மூவரும் பிள்ளைகள்! இவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை கண்ணாடி முன் நின்று அழுகிறதா, சாப்பாட்டு நேரத்தில் ஏதேனும் சாக்குச் சொல்கிறதா, கைப்பேசியில் யார் சொல்வதை நம்புகிறது என்று கவனிக்கும் கடமை நமக்கு இருக்கிறது.

மாற்றத்தின் அடையாளங்களும் தெரிகின்றன. 2025 நவம்பரில் சென்னையில் ஒரு திரைப்படச் செய்தியாளர் சந்திப்பில், தம் உடல் எடையைப் பற்றிக் கதாநாயகனிடம் கேட்கப்பட்ட கேள்வியை நடிகை கௌரி கிஷன் எதிர்த்துப் பேசினார். நடிகர் சங்கம் அவருக்கு ஆதரவாக நின்றது. திரையுலகம் தவறென்று சொன்னதை, திருமுழுக்குப் பெற்ற நாம் கோவில் வாசலில் தொடரலாமா? சகோதரரை இழிசொல்லால் அழைப்பதைக் கொலைக்கு அடுத்து வைத்து எச்சரித்தவர் நம் ஆண்டவர் (மத் 5:21-22) அல்லவா?

கண்ணாடி சொல்வது முழு உண்மையல்ல

வெளியிலிருந்து வரும் பேச்சைவிட, உள்ளிருந்து எழும் பேச்சு சிலரை அதிகம் வருத்துகிறது. எடை குறையும்போது பலருக்கு முகம் ஒட்டிப்போகிறது. கையிலும் வயிற்றிலும் தோல் தளர்ந்து தொங்குகிறது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுகிறது. அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். எடை குறைந்த பின்னும் மனம் பழைய உருவத்தையே கண்ணாடியில் காண்பதும் உண்டு. சில வாரம் எடை இம்மியும் அசையாது. உடல் தன்னிடம் உள்ளதைக் காத்துக்கொள்ளும்படி படைக்கப்பட்டிருப்பதால், எடை குறையும்போது பசியைக் கூட்டி, செலவழிக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே எடை நின்றுபோவதும், சில கிலோ திரும்பக் கூடுவதும் சோம்பலின் அடையாளம் அல்ல, பாவமும் அல்ல.

‘இவ்வளவு கஷ்டப்பட்டும் அழகாகவில்லையே’ என்று கலங்குகிறவர்கள், உயிர்த்த ஆண்டவரை நினைத்துப் பாருங்கள். மாட்சி பெற்ற அந்த உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன (யோவா 20:27). அவற்றை அவர் மறைக்கவில்லை, தோமாவுக்குக் காட்டினார். நம் பட்டாசுப் பூமியில் இது வெறும் உவமை அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் நடந்த பெரும் வெடிவிபத்தையும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்ததையும் நாம் மறக்க முடியாது. இத்தகைய விபத்துகளில் உயிர் பிழைத்து, முகத்திலும் கைகளிலும் தீக்காயத் தழும்புகளோடு வாழ்வோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு பார்வை எவ்வளவு சுடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தழும்புள்ள உடலும், பருத்த உடலும், இளைத்துத் தோல் தளர்ந்த உடலும் கடவுளின் சாயலே (தொநூ 1:27). எடை மாறும், மாண்பு மாறாது.

தானியேலிடம் கற்போம்

“இளைத்துப் போவாயே” என்ற கவலை விவிலியத்திலேயே இருக்கிறது. தானியேல் நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாபிலோன் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும் அரசனின் உணவையும் மதுவையும் மறுக்கிறார்கள். எடையைக் குறைப்பதற்காக அல்ல, தங்கள் இறைப்பற்றுக்கு மாசு நேரக் கூடாது என்பதற்காக. அவர்களைக் கவனிக்கும் தலைமை அலுவலர் அஞ்சுகிறார்: மற்ற இளைஞர்களைவிட உங்கள் முகம் வாடியிருப்பதை அரசர் கண்டால் என் தலை அல்லவா போய்விடும் என்கிறார். அவர் கெட்டவர் அல்லர். தானியேல் மீது பரிவு கொண்டவர்தாம். நம் வீட்டு அம்மாக்களைப் போல.

தானியேல் என்ன செய்தார்? சண்டையிடவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை. தம்மைக் கவனிக்க நியமிக்கப்பட்டவரிடம், பத்து நாள் மரக்கறி உணவும் தண்ணீரும் தந்து சோதித்துப் பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பணிவோடு வேண்டினார். பத்து நாள் முடிவில் அவர்கள் மற்றவர்களைவிட நல்ல களையோடு இருந்தார்கள் (தானி 1:8-16). மறுப்பிலும் பணிவு, கொள்கையில் உறுதி, முடிவுக்குப் பொறுமை: எடையைக் குறைக்கிற ஒருவர் வீட்டாரோடு பேச வேண்டிய முறை இதுவே.

அளவோடு உண்பதைச் சீராக்கின் ஞானநூலும் புகழ்கிறது; உனக்குத் தீங்கானது எது என்று கண்டறிந்து விலக்கு என்கிறது (சீஞா 37:27-31). அதே வேளையில் திருச்சபை உடலை வதைப்பதைப் போற்றுவதில்லை. புனித இஞ்ஞாசியார் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து உடல்நலம் கெட்டவர். பிற்காலத்தில், 1548இல், புனித பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், நோன்பைக் குறைத்துக்கொள்ளுமாறும், உடல் கடவுளுக்கு உரியதாகையால் அதைப் பேணுமாறும் அறிவுறுத்தினார். பெருந்தீனியும் பட்டினியும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலுமே, தூய ஆவியாரின் கோவிலாகிய உடல் (1 கொரி 6:19) மதிப்பிழக்கிறது.

உருவம் பெரிதாயிருப்பது குறையும் அல்ல. புனித தாமஸ் அக்குவினாஸ் பருத்த உடலும் மௌனமான இயல்பும் கொண்டவர். உடன் படித்தவர்கள் அவருக்கு ‘ஊமை எருது’ என்று பெயர் வைத்தார்கள். அவருடைய ஆசிரியர் புனித பெரிய ஆல்பர்ட்டோ, இந்த எருதின் குரல் ஒருநாள் உலகெங்கும் கேட்கும் என்று சொன்னதாக மரபு. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் குருமடங்களில் அந்தக் குரல் கேட்கிறது. கேலி செய்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

எடையைக் குறைப்போருக்கு

1. மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பானது. காணொளிகளையும் ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ’ விளம்பரங்களையும் நம்பாதீர்கள். எடை குறைப்பு ஊசி மருந்துகள் 2025 முதல் நம் நாட்டில் பரவலாகப் பேசப்படுகின்றன. மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பது வெட்கத்துக்குரியது அல்ல. தானாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

2. வீட்டில் ஒருவரையாவது உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்னதை அம்மாவிடமும் மனைவியிடமும் கணவரிடமும் சொல்லுங்கள். முடிந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். காரணம் தெரியாததால்தான் பலர் கவலைப்படுகிறார்கள்.

3. ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். “டாக்டர் குறைக்கச் சொன்னார் சித்தி, இப்பத்தான் நல்லா இருக்கேன், எனக்காக வேண்டிக்கோங்க” என்றால் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். கேலி தொடர்ந்தால், “இதைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது தாழ்ச்சிக்கு எதிரானது அல்ல.

4. எடைக் கருவியை மட்டும் நம்பாதீர்கள். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? திருப்பலியில் முழந்தாளிட முடிகிறதா? இவையும் கணக்குத்தான்.

5. தவக்கால நோன்பை எடை குறைப்புப் போட்டியாக்காதீர்கள். நோன்பு கடவுளுக்காகவும் ஏழைக்காகவும். நோயாளிகளை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது.

6. சாப்பிடவே அஞ்சுவது, சாப்பிட்டபின் வாந்தியெடுப்பது, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போவது இவையெல்லாம் இருந்தால் அது மனநலச் சிக்கலாக இருக்கலாம். அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். பங்குத்தந்தையிடமும் தயங்காமல் பேசலாம்.

குடும்பமும் பங்கும்

உடலைப் பற்றிப் பேசாமலேயே ஒருவரை வரவேற்க நாம் பழக வேண்டும். “எப்படி இருக்கீங்க? பிள்ளைங்க எப்படி இருக்காங்க?” போதுமே! மறைக்கல்வி வகுப்பில் பட்டப்பெயர் வைத்து அழைப்பதை ஆசிரியர்கள் முதல் நாளே நிறுத்த வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது நிறத்தையும் பருமனையும் வீட்டார் காதுபட எடைபோடுவதை நிறுத்த வேண்டும். அன்பியக் கூட்டத்தில் இனிப்புத் தேநீருக்கும் காராசேவுக்கும் பக்கத்தில் ஒரு தட்டுச் சுண்டலும் சர்க்கரை இல்லாத தேநீரும் இருந்தால், பேசாமலேயே ஒருவருக்கு ஆதரவு சொன்னதாகும். திருவிழா அசனத்தில் “போதும்” என்று கை காட்டுகிறவருக்கு மேலும் ஒரு கரண்டி வைக்காதிருப்பதும் அன்புதான். காலை நடைப்பயிற்சிக்குத் துணையில்லாமல் தயங்கும் ஒரு பெண்ணோடு தெருவில் இன்னும் இருவர் சேர்ந்து நடந்தால், அது மருந்தைவிட மேலானது.

ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்கிக்கொள்வதே கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுவது என்கிறார் புனித பவுல் (கலா 6:2). தம் உடலின் சுமையை இறக்கப் பாடுபடுகிறவர் மீது நம் சொல்லால் இன்னொரு சுமையை ஏற்றாதிருப்போம். தாவீதைத் தேர்ந்தெடுத்தபோது தோற்றத்தையும் உயரத்தையும் பாராமல் உள்ளத்தைப் பார்த்த ஆண்டவர் (1 சாமு 16:7), தம் பார்வையை நமக்கும் தருவாராக. ஆமென்.